மஞ்சள் குளிசையும் புற்றுநோய்ச் சிகிச்சையும்: போத்தல் மூடியைத் திருகுவதற்கு முன்

பெரியம்மாவின் சாமித்தட்டில், விபூதிக் கிண்ணத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் போத்தல் நின்றது. கனடாவிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்து கொடுத்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்திரகாளி அம்மன் கோயில் விபூதியைப் பூசிக்கொண்டு, அந்தப் போத்தலிலிருந்து இரண்டு குளிசை விழுங்கிவிட்டுத்தான் படுப்பார். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து, டமொக்சிபென் என்ற ஹோர்மோன் தடுப்புக் குளிசை தொடங்கி அப்போது ஏழு மாதம். கிளினிக்கில் கேட்ட போதெல்லாம் "வேறு மருந்து ஒன்றும் எடுப்பதில்லை" என்றே சொல்லி வந்திருக்கிறார். அது பொய்யில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை.

"மஞ்சள்தானே பிள்ளை" என்றார். "சொதிக்குப் போடுவதைத்தான் குளிசையாக்கியிருக்கிறார்கள்."

திருகோணமலை நகரில் ஒரு மருந்துக் கடையின் மேசைக்குப் பின்னால் பல வருடம் நின்றவள் நான். கிண்ணியாவிலிருந்து வந்தவர்களும் தம்பலகாமத்திலிருந்து வந்தவர்களும் இதே சொல்லை வேறு வேறு வடிவில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். என் தீர்ப்பையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சிகிச்சைக் காலத்தில் சமையல் மஞ்சளை விடவேண்டியதில்லை. மஞ்சள் சாற்றுக் குளிசையை மட்டும், புற்றுநோய் வைத்தியர் பார்த்துச் சம்மதிக்கும்வரை தொடக்கூடாது. ஏற்கெனவே எடுப்பவர், அடுத்த கிளினிக் வரும்வரை நிறுத்தி வைக்கலாம். அதனால் கெடுவது ஒன்றுமில்லை. ஆனால் வைத்தியர் எழுதிய மருந்து எதையும் இந்தக் குளிசைக்காக நிறுத்தவோ தள்ளிவைக்கவோ கூடாது.

முதலாவது: கையில் இருப்பது எந்த மஞ்சள்?

நம் வீடுகளில் மஞ்சள் என்ற பெயரில் மூன்று பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று சமையல் மஞ்சள், அதாவது விரலி மஞ்சளும் அதன் தூளும். இரண்டாவது கஸ்தூரி மஞ்சள். வாசம் உண்டு, முகத்துக்குப் பூசுவது, கறிக்குப் போடுவதில்லை. மூன்றாவதில்தான் குழப்பம் அதிகம்: மரமஞ்சள். சிங்களத்தில் வெனிவெல் என்பார்கள். காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் கொத்தமல்லியோடு போட்டு அவித்துக் குடிக்கும் அந்த மஞ்சள் நிறக் கொடித்துண்டு, மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. சமையல் மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் அதில் கிடையாது. இருப்பது பெர்பெரின் என்ற வேறொரு பொருள். அதுவும் ஈரலில் மருந்துகள் கரையும் வழியில் குறுக்கிடக்கூடியது. "மஞ்சள் அவித்துக் குடிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த மஞ்சள் என்று நான் இரண்டாம் முறை கேட்பது இதனால்தான். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது: போத்தலின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள்

முன்பக்கத்தில் மஞ்சள் கிழங்கின் படமும் பெரிய எழுத்தும் இருக்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். விடயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே மூன்றைத் தேடுங்கள். வெறும் கிழங்குத் தூளா, அதிலிருந்து செறிவாகப் பிரித்தெடுத்த சாறா? சாறு என்றால் எத்தனை சதவீதம் குர்குமினாய்ட் (குர்குமினும் அதன் இனப் பொருள்களும்)? மிளகுச் சாறு சேர்ந்திருக்கிறதா?

பெரியம்மாவின் சமையலறை மேசையில் அந்தப் போத்தலை வைத்து நாங்கள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அவரை மாற்றியது என் பேச்சல்ல, இந்தக் கணக்கு. மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும். கிழங்குக்குக் கிழங்கு கூடிக் குறையும். ஒரு தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ 3 கிராம். நாலு பேருக்குச் சொதி வைக்கும்போது பெரியம்மா போடுவது அரைத் தேக்கரண்டிக்கு மேல் இராது. அப்படியானால் சட்டி முழுவதிலும் குர்குமின் 45 மில்லிகிராம். ஒருவருடைய கிண்ணத்தில் 11 மில்லிகிராம்.

போத்தலில் எழுதியிருந்தது: ஒரு குளிசையில் மஞ்சள் சாறு 500 மில்லிகிராம், குர்குமினாய்ட் 95 சதவீதம். அதாவது 475 மில்லிகிராம். ஒரு குளிசை, நாற்பதுக்கு மேற்பட்ட கிண்ணம் சொதிக்குச் சமன். அவர் இரவில் இரண்டு போடுகிறார்.

"எண்பது கிண்ணமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. உணவுச் சாயமாகச் சேர்க்கப்படும் குர்குமினை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வரையறுத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 150 மில்லிகிராம். ஒரே குளிசை அதன் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் உடனே ஆபத்து என்று பொருளல்ல. ஆனால் இது சாப்பாட்டு அளவு இல்லை, மருந்தின் அளவு.

எல்லாப் போத்தலும் இப்படி இல்லை. "மஞ்சள் கிழங்குத் தூள் 500 மி.கி." என்று மட்டும் போட்டவையும் உண்டு. அவற்றில் குர்குமின் 15 மில்லிகிராம் அளவுதான். ஒரே விலைக்கு ஒரே படத்தோடு இரண்டும் விற்கும். அதனால்தான் கணக்கு.

மூன்றாவது விடயமான மிளகுச் சாற்றைப் பெரும்பாலும் பயோபெரின் அல்லது பைபெரின் என்ற பெயரில் போட்டிருப்பார்கள். குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் ஈரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபெரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் இருபது மடங்காகியது. அன்றிலிருந்து கம்பனிகள் இரண்டையும் ஒரே குளிசையில் அடைக்கின்றன. எப்படி இருபது மடங்காகிறது என்பதில்தான் சிக்கல். பைபெரின், ஈரலின் வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியங்கள் குர்குமினுக்கென்று தனியாக இருப்பவை அல்ல. நீங்கள் விழுங்கும் மற்ற மருந்துகளும் அதே வாசலால்தான் போகவேண்டும்.

மூன்றாவது: ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

குர்குமினை மஞ்சளிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தது 1815இல். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடிக் குழாய்க்குள் புற்றுநோய்க் கலங்களில் ஊற்றினால் அது பலவிதமாக வேலை செய்வது உண்மை. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உண்டு. வாட்சப்பில் சுற்றுபவை பெரும்பாலும் இவைதான். ஆனால் குழாயில் ஊற்றும் செறிவு, வாயால் விழுங்குகிறவரின் இரத்தத்தில் வருவதில்லை. 2017இல் அமெரிக்க மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த மனித ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு எது என்று வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் போலிக் குளிசையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு ஒன்றில்கூடக் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அதோடு ஒன்றையும் சேர்த்தார்கள்: குர்குமின் தானே ஒளிரும், நிலையில்லாமல் சிதையும், அகப்பட்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். அதனால் ஆய்வுகூடச் சோதனைகளை ஏமாற்றி, வேலை செய்வதுபோல் காட்டக்கூடியது.

நோயாளிகளில் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஹூஸ்டனில் 2008இல் வெளிவந்த ஆய்வில், கணையப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம் ஏதோ ஒரு பலன் தெரிந்தது. மற்றது, கதிர்ச்சிகிச்சையால் தோல் வெந்துபோவது பற்றியது. 2013இல் 30 பெண்களிடம் செய்தபோது, நாளொன்றுக்கு 6 கிராம் எடுத்தவர்களுக்குத் தோல் பாதிப்புக் குறைந்ததாகக் கண்டார்கள். எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு அதே அளவை ஏறத்தாழ 700 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டபோது, போலிக் குளிசைக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறு ஆய்வில் பூத்தது பெரிய ஆய்வில் உதிர்வது மருந்து உலகில் வழக்கம். முதலாவது செய்தி மட்டும் ஊரைச் சுற்றும்.

லண்டனைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதையையும் உங்களுக்கு யாராவது அனுப்பியிருக்கக்கூடும். எலும்பு மச்சைப் புற்றுநோய். பலமுறை சிகிச்சை செய்தும் திரும்பி வந்தது. பிறகு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் எடுத்து ஐந்து வருடம் நோய் அசையாமல் நின்றது. இது கட்டுக்கதை அல்ல, 2017இல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் அவருடைய வைத்தியர்களே எழுதியது. ஆனால் அது ஒரு மனிதரின் கதை. குர்குமின் எடுத்தும் பலனில்லாமல் போனவர்களைப் பற்றி எவரும் இதழில் எழுதுவதில்லை.

நான்காவது: உங்கள் சிகிச்சையோடு பொருத்திப் பாருங்கள்

இதுதான் நீளமான படி. அவசரப்படாமல் வாசியுங்கள். கிளினிக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டமொக்சிபென் எடுப்பவர்கள் முதலில். இந்தக் குளிசை விழுங்கியபடியே முழு வேலையையும் செய்வதில்லை. ஈரல் அதை எண்டொக்சிபென் என்ற பொருளாக மாற்றவேண்டும், பெரும் வேலையைச் செய்வது அதுதான். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 16 பெண்களிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், குர்குமின் சேர்ந்தபோது எண்டொக்சிபென் 8 சதவீதமளவு குறைந்தது. பைபெரினும் சேர்ந்தபோது 12 சதவீதமளவு. பெரிய தொகையல்லவே என்று தோன்றலாம். ஆனால் சிலருடைய உடல் பிறப்பிலேயே டமொக்சிபெனைக் குறைவாகத்தான் மாற்றும். எல்லைக் கோட்டில் நிற்கும் அவர்களுக்கு 12 சதவீதம் என்பது கோட்டுக்குக் கீழே இறங்குவது. உங்கள் உடல் எந்த வகை என்பதைச் சாதாரண கிளினிக்கில் சோதிப்பதில்லை. ஐந்து வருடம், பத்து வருடம் எடுக்கவேண்டிய மருந்து இது. எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு காரணமே போதும், பெரியம்மா போன்றவர்கள் அந்தக் குளிசையைத் தள்ளிவைக்க.

கீமோ நடக்கிறவர்களுக்குக் கவலை வேறு. 2002இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில், மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் டொக்சோரூபிசின் போன்ற மருந்துகளின் கொல்லும் திறனைக் குர்குமின் குறைத்ததாகவும், எலிகளில் சைக்ளோபொஸ்பமைட் மருந்தின் வேலையைத் தடுத்ததாகவும் கண்டார்கள். இதற்கு நேர்மாறாக, கீமோவுக்குக் கைகொடுக்கிறது என்று காட்டிய ஆய்வுகூடச் சோதனைகளும் உண்டு. எது எந்த மருந்தோடு எப்படி என்பது மனிதரில் தீரவில்லை. தீராத இடத்தில் கீமோவின் பக்கம் நிற்பதே புத்தி, ஏனென்றால் அதன் பலன் நிறுவப்பட்டது. டொசிடாக்செல், வின்கிரிஸ்டின், இமாட்டினிப் ஆகிய புற்றுநோய் மருந்துகள் ஈரலின் அந்தக் குறுகிய வாசலால் போகிறவை. மிளகுச் சாறு வாசலை அடைத்தால் மருந்து உடலில் தேங்கிப் பக்கவிளைவு கூடலாம்.

கீமோவால், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் குறையும். குர்குமின் அதிக அளவில் அவை ஒட்டிக்கொள்வதைத் தளர்த்தக்கூடியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வார்பரின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மஞ்சள் குளிசை தொடங்கியபின் இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 10க்கு மேல் ஏறியதாக 2018இல் நியூசிலாந்தின் மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு அறிவித்தது. வழக்கமாக அதை 2க்கும் 3க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

பித்தப்பையில் கல் இருப்பவர்கள், நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தச்சோகை உள்ளவர்கள், சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள்: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் இங்கே விரிக்கவில்லை. வைத்தியரிடம் சொல்லும்போது இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈரலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். "மஞ்சள் ஈரலுக்கு நல்லது" என்று நாம் வளர்ந்தோம். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் வலையமைப்பு 2022இல் மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி வெளியிட்டது. ஐந்து பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது எல்லோருக்கும் வருவதல்ல, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கீமோ ஏற்கெனவே ஈரலைச் சோதிக்கும் காலத்தில் இந்தச் சீட்டை எடுத்துப் பார்க்கவேண்டுமா என்பது என் கேள்வி.

கதிர்ச்சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு விழுங்கும் மஞ்சளைவிடப் பூசும் மஞ்சளைப் பற்றிச் சொல்லவேண்டும். கதிர் எங்கே படவேண்டும் என்று தோலில் கோடு போட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்து முழுகினால் அந்தக் கோடு போய்விடும். வெந்த தோலில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசுவதும் வேண்டாம். என்ன பூசலாம் என்று அங்குள்ள தாதியிடமே கேளுங்கள்.

ஐந்தாவது: கிளினிக்கில் எப்படிச் சொல்வது

திருகோணமலையிலிருந்து சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் போகிறவர்கள் பலர். இரவு பஸ்ஸில் தூங்காமல் போய், விடியற்காலையில் வரிசையில் நின்று, வைத்தியரைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடம். மகரகமவில் மொழியும் ஒரு சுவர். மஞ்சளுக்குச் சிங்களத்தில் "கஹ" என்று சொல்லத் தெரிந்தாலும் போதாது. கஹ என்றால் அவர்களுக்கும் கறி மஞ்சள்தான் நினைவுக்கு வரும். "அது பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் குளிசைக்கு அனுமதி கிடைத்ததாக நினைத்துக்கொண்டு வருவீர்கள். இது நான் கற்பனை செய்வதல்ல, பெரியம்மாவுக்கே ஒருமுறை நடந்தது.

ஆகவே போத்தலையே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், எழுத்து வாசிக்கும்படி தெளிவாக. கொப்பியின் கடைசிப் பக்கத்தில், வாயில் போடும் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள்: பிரஷர் குளிசை, சித்த மருந்து, கஷாயம், சத்து மா, இந்தக் குளிசை. எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்றும் எழுதுங்கள். கேள்வியை "இது நல்லதா?" என்று கேட்காதீர்கள். எவரும் நல்லது என்றோ கெட்டது என்றோ பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். "நான் எடுக்கும் இந்த மருந்தோடு இதை எடுக்கலாமா? எந்த நாள்களில் கூடாது?" என்று கேளுங்கள். விடையை அந்தக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வைத்தியருக்கு நேரமில்லை என்றால் மருந்து கொடுக்கும் இடத்திலுள்ள மருந்தாளரிடம் கேட்கலாம். எங்கள் வேலையே அது, ஆனால் எங்களிடம் கேட்பவர் குறைவு.

திட்டுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். சிலர் திட்டத்தான் செய்வார்கள். ஒளித்து வைத்ததால் ஈரல் எண்கள் ஏன் ஏறின என்று தெரியாமல் கீமோவை ஒத்திவைப்பதோடு ஒப்பிட்டால், திட்டு மலிவு.

சித்த வைத்தியரிடம் போகிறவர்களுக்கு ஒரு சொல். நம் ஊர் இதில் சும்மா இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், சித்த மருத்துவப் பட்டப்படிப்பே இருக்கிறது. மஞ்சளின் குணம் பற்றி அங்கே படித்தவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள், புற்றுநோய்ச் சிகிச்சை நடப்பதை அவரிடமும் மறைக்காதீர்கள், பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த மருந்து தந்தால் பெயரை எழுதி வாங்கி மற்ற வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு வைத்தியருக்கும் நடுவில் செய்தி போகும் பாதை நோயாளியின் கொப்பி மட்டுந்தான்.

ஆறாவது: எடுக்கலாம் என்று சொல்லிவிட்டால்

சிலருக்குச் சொல்வார்கள். சிகிச்சை முடிந்து, குறுக்கிடும் மருந்து எதுவும் இல்லாமல், மூட்டு நோவுக்கோ மன நிறைவுக்கோ எடுக்க விரும்புகிறவர்களுக்கு. அப்படியானால் மிளகுச் சாறு சேராததைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குமுன் ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்து எண்களைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். பிறகு ஏறினால் ஒப்பிட ஏதாவது வேண்டுமே. அதே வாரத்தில் வேறு புதிய குளிசை எதையும் தொடங்காதீர்கள். சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் வயிறு எரியும், சிலருக்கு வயிற்றோட்டம் வரும். போத்தலில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். கனடாவில் மருமகனுக்கு ஒத்துக்கொண்டது என்பது உங்களுக்குச் சான்றல்ல.

உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்: சிறுநீர் பால் விடாத தேத்தண்ணீர் நிறமாவது, உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவின் கீழ் நோவு, காரணமில்லாத களைப்பும் சாப்பாட்டு வெறுப்பும், முரசில் இரத்தம், தட்டுப்படாமலே கண்டல். மஞ்சள் காமாலையைத் தோலில் தேடாதீர்கள். மஞ்சள் பூசிக் குளிக்கும் நம் பெண்களின் தோல் எப்போதும் பொய் சொல்லும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

கீமோ நாள்களில் இன்னொன்று, இது குளிசை எடுக்காதவர்களுக்கும் சேர்த்து. காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், மஞ்சள் போட்ட பாலும் மல்லித் தண்ணீரும் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. வெண்குருதிக் கலங்கள் விழுந்திருக்கும் உடம்பில் தொற்று, மணித்தியாலக் கணக்கில் உயிரை எடுக்கும். மூதூரானாலும் குச்சவெளியானாலும் இரவே வாகனம் பிடித்து அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், "கீமோ போட்டவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சட்டிக்குள் போகும் மஞ்சள்

சமையல் மஞ்சளுக்குத் தடையில்லை என்றேன். ஆனால் எந்தத் தூள் என்று பார்க்கவேண்டும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சள் தட்டுப்பட்டபோது, கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறி, கடல்வழியாகக் கடத்தி வரும் அளவுக்குப் போனதை யாரும் மறந்திருக்கமாட்டோம். மாவும் சாயமும் கலந்த தூள் அப்போது தாராளமாகப் புழங்கியது. பங்களாதேசத்தில் கிழங்குக்கு மினுக்கம் கொடுக்க ஈயக் குரோமேற் என்ற நச்சு மஞ்சள் நிறமியைப் பூசுவதை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். அரசு கடுமையாக இறங்கியபின் 2021க்குள் சந்தை மாதிரிகளில் அது 47 சதவீதத்திலிருந்து இல்லாமலே போனது. தட்டிக் கேட்டால் நிறுத்தலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அயடின் துளி விட்டு மாக் கலப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. மஞ்சள் கிழங்கிலேயே மாப்பொருள் உண்டு. சுத்தமான மஞ்சளும் நீலமாகும். நான் செய்வது இது: பளபளக்காத, மங்கலான, முறித்தால் உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் விரலியை வாங்கி, தேய்த்துக் கழுவி, வெயிலில் முறுகக் காயவைத்து, மிளகாய் அரைக்கும் மில்லில் கொடுத்து அரைப்பேன். முதலில் அரைபடும் ஒரு கைப்பிடியில் மற்றவர் மிளகாய் கலந்திருக்கும், அதை வேறாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கீமோவால் வாய் புண்ணானவருக்கு அந்தக் காரம் நரகம்.

அந்த வாய்ப்புண் நாள்களில் பெரியம்மாவுக்கு இறங்கியது சொதி ஒன்றுதான். பச்சை மிளகாய் இல்லாமல், வெங்காயமும் வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு, இரண்டாம் பாலில் அவியவிட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூவி, தலைப்பால் விட்டு நுரை கட்டும்போதே இறக்கி, தேசிக்காய்ப்புளி விடாமல். அதில் முள் எடுத்த மீன் துண்டு இரண்டு. புரதம் வேண்டிய நேரம் அது. போத்தல் குளிசைக்குப் போகும் மாதக் காசு எத்தனை முட்டை, எத்தனை மீன் என்று கணக்குப் பார்த்தவள் நான், அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்த கிளினிக்குக்குப் பெரியம்மா போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுபோனார். வைத்தியர் திருப்பிப் பார்த்தார், மிளகுச் சாறு என்ற இடத்தில் விரலை வைத்தார், கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். ஈரல் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எண்கள் சரியாகவே வந்தன. வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தபோது அந்த ஆங்கில வரிக்குக் கீழே பெரியம்மாவின் சாய்ந்த எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "மஞ்சள் குளிசை நிற்பாட்டியாயிற்று. சொதி உண்டு, கேட்டுவிட்டேன்."